செங்கல்பட்டுத் தழும்பு

வல்லக்கோட்டை முருகனைக் காணச் செல்கிறவர்கள் இன்று ஒரகடம் தொழிற்பேட்டையின் ஓரமாகப் போகிறார்கள். கார் ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த இந்த நிலக்காட்சிக்கு வயது அதிகமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் இது ஏரிகளும் நெல்வயல்களுமான நாடு. 1997-இல் பிரிக்கப்படும்வரை ஒன்றாயிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவட்டத்தின் பெயர் உலக மருத்துவ நூல்களில் 'சிங்கிள்புட்' என்ற ஆங்கில உருவில் இன்றும் வழங்கிவருகிறது. காரணம், அங்கே நடந்த ஒரு பரிசோதனை. எதிர்பாராத அதன் தோல்வி.

பிரெஞ்சு அறிஞர்கள் கால்மெட், கெரென் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கியதே பி.சி.ஜி. தடுப்பூசி. 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. 1948-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் அது இந்தியாவிற்குள் நுழைந்தது. அதே ஆண்டில் கிண்டியில் உற்பத்திக்கூடமும் அமைந்தது. நாடெங்கும் ஊசி இயக்கம் பரவியபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1955-இல் தம் எதிர்ப்பை ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாகவே எழுதினார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளுக்குக் கூட்டங்கூட்டமாகச் செலுத்தப் போதிய சான்று எங்கே என்பது அவர் கேள்வியின் சாரம். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை, இயக்கம் தொடர்ந்தது.

ஆயினும் கேள்வி மடியவில்லை. பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பளித்த அதே தடுப்பூசி, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மிகச் சொற்பமே காத்தது. இந்த முரணைத் தீர்க்கவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையுடனும் இணைந்து 1968-இல் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் இறங்கியது. 1971-க்குள் சுமார் 3,60,000 மக்கள் வீடுவீடாகக் கணக்கெடுக்கப்பட்டனர். டியூபர்குலின் சோதனை, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டோருக்குச் சளிப் பரிசோதனை. பிறகு குலுக்கல் முறையில் சிலருக்கு பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தற்ற வெற்று ஊசி. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979-இல் வெளியானது. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை அந்த ஊசி காக்கவில்லை. 1999-இல் வெளிவந்த பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே உறுதிசெய்தது.

ஏன்? நம் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியங்களோடு இம்மக்களின் உடல் முன்பே பழகிவிட்டிருந்தது. புதிதாகக் கற்றுத்தர ஊசிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒரு விளக்கம். ஆனால் உடல் எப்படிப் 'பழகுகிறது'? கிருமி வந்த செய்தி அணுவின் உள்ளே எவ்வாறு போய்ச் சேர்கிறது? 1979-இல் இதற்கு எவரிடமும் விடையில்லை.

விடை மெல்லத்தான் வந்தது. கிருமிகளின் பொது அடையாளங்களை அறியும் ஏற்பிகள் உடலில் இருந்தாக வேண்டும் என்று சார்லஸ் ஜேன்வே 1989-இல் ஊகித்தார். 1996-இல் ஈக்களிடமும், அடுத்த ஈராண்டுகளில் மனிதரிடமும் எலிகளிடமும் 'டோல்' வகை ஏற்பிகளின் பங்கு வெளிப்பட்டது. ஏற்பி வாசலில் நிற்கிறது. ஆணையை நிறைவேற்றும் நொதிகள் உள்ளே இருக்கின்றன. இரண்டையும் சேர்ப்பவையே இணைப்புப் புரதங்கள். அவற்றுள் முதன்மையானது மைடி88. அதன் ஒரு முனை ஏற்பியைப் பற்றும். மறுமுனை ஐராக் என்னும் நொதிகளைக் கூட்டிச் சேர்க்கும். தானாக எந்த வேதிவினையையும் அது நிகழ்த்துவதில்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நிற்கும் பன்னிருவரைத் தொல்காப்பியர் 'வாயில்கள்' என்று எண்ணுகிறார். தோழி காதலிப்பவள் அல்லள். அவளின்றிக் காதல் நகர்வதும் இல்லை. மைடி88-ஐ விளக்க நமக்கு இதைவிடப் பொருத்தமான உவமை தோன்றவில்லை.

இந்தத் தோழி இல்லாத எலிகள் காசநோயில் விரைந்து மடிந்தன. ஆனால் 2008-இல், மைடி88 பிறவியிலேயே செயல்படாத ஒன்பது குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. சீழ் பிடிக்கும் சில பாக்டீரியங்களே அவர்களைக் கடுமையாகத் தாக்கின. ஏனைய பெரும்பாலான கிருமிகளை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். எலியின் உண்மை மனிதனின் உண்மை ஆகிவிடுவதில்லை. செங்கல்பட்டு போன்ற பெரும் பரிசோதனைகள் ஏன் தவிர்க்கவியலாதவை என்பதற்கு இதுவே பதில்.

பி.சி.ஜி.யின் கதை இத்தோடு முடியவில்லை. அது உள்ளார்ந்த எதிர்ப்பணுக்களைப் பல மாதங்களுக்குப் 'பயிற்றுவிக்கிறது' என்றும், நோட்2 என்னும் ஏற்பியின் வழியே அது நிகழ்கிறது என்றும் 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். நோட்2-இன் செய்தியை ஏந்திச் செல்லும் ரிப்2 புரதமும் பெருமளவில் தோழியின் வேலையையே செய்கிறது. 2020-இல் கொரோனாவுக்கு எதிராக முதியவர்களுக்கு பி.சி.ஜி. கொடுத்துப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கியதும் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே.

அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? சான்று கேட்டது சரி என்போம். ஆனால் சான்று ஊசியை முற்றாகத் தள்ளிவிடவில்லை. குழந்தைகளைக் காசநோய் மூளைச்சவ்வு அழற்சியிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் அது இன்றும் போடப்படுகிறது, போடத்தான் வேண்டும். அந்தச் சான்றைத் தந்தது மேடைவாதமும் அன்று, ஆய்வுக்கூடமும் அன்று. கை நீட்டி நின்ற சிற்றூர் மக்கள். அறிக்கைகளில் அவர்கள் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள். பழைய செங்கல்பட்டின் ஏதோ ஒரு திண்ணையில் இடது தோளில் சிறு தழும்புடன் ஒரு முதியவர் அமர்ந்திருக்கக்கூடும். உலகம் கற்ற ஒரு பாடத்தில் தமக்கும் பங்குண்டு என்று அவரிடம் யாரேனும் சொல்லியிருப்பார்களா?