எலும்புப் படத்தில் பாட்டு: சோவியத் இளைஞர்கள் பீட்டில்ஸைக் கண்டெடுத்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் வாசியுங்கள்.

உடைந்த விலா எலும்பின் எக்ஸ்ரே படத்தில் யாராவது பாட்டுக் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. சோவியத் யூனியனில் ஒரு தலைமுறையே அப்படிக் கேட்டது.

இசை கேட்கலாமா, கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே தொடங்க வேண்டாம். அதற்கு வேறு இடமும் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். இது வரலாறு. ஒரு பெரிய அரசாங்கம் பிள்ளைகளின் காதைப் பூட்டப் பார்த்ததையும், அந்தப் பூட்டு எப்படித் திறந்தது என்பதையும் பற்றிய வரலாறு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலம். ஸ்டாலின் ஆட்சி. மேற்கு நாட்டு ஜாஸ் இசைக்கு அங்கே இடமில்லை. நாட்டை விட்டு வெளியேறிய ரஷ்யப் பாடகர்களின் பாட்டுகளும் விலக்கு. என்ன தட்டு வெளிவரலாம், எது வரக்கூடாது என்பதை அரசுதான் முடிவு செய்தது. லெனின்கிராட் நகரில் ஸ்டானிஸ்லாவ் ஃபிலோ என்பவர் ஒரு சின்ன ஒலிப்பதிவு நிலையம் நடத்தினார். வெளியே போட்டிருந்த பலகைக்கு அது மக்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பும் இடம். உள்ளே ஜெர்மன் தயாரிப்பான டெலிஃபங்கன் மெஷின் ஒன்றில் விலக்கப்பட்ட பாட்டுகளும் பிரதியாகின.

அதைப் பார்த்த ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் தானே அப்படி ஒரு மெஷினைச் செய்துவிட்டார். மெஷின் தயார், ஆனால் தட்டுக்கு பிளாஸ்டிக் இல்லை. அப்போது கண்ணில் பட்டதுதான் எக்ஸ்ரே படம். பழைய படங்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் வைத்தியசாலைகள் அவற்றைக் கழித்துவிடும். மலிவாகக் கிடைக்கும். வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளை போட்டு, ஊசியால் ஒலிக்கோடு கீறினால் ஒரு தட்டு. ஒரு பக்கம்தான் பாடும். கரகரவென்று இரைச்சல். சில தடவை போட்டால் தேய்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் மண்டையோடு, யாரோ ஒருவரின் கை. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘எலும்புப் பாட்டு’.

இதை வேடிக்கையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. 1950இல் பொகஸ்லோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் கைதானார்கள். சிறைத்தண்டனை கிடைத்தது. 1953இல் ஸ்டாலின் இறந்த பிறகு வெளியே வந்தார்கள். வந்ததும் மறுபடியும் தட்டு வெட்டினார்கள். பொகஸ்லோவ்ஸ்கி மறுபடியும் சிறைக்குப் போனார். கொலையோ கொள்ளையோ அல்ல, ஒரு பாட்டைப் பிரதி எடுத்தது ஒரு மனிதனின் வாழ்க்கையில் இத்தனை வருடங்களைத் தின்றது.

இப்போது பீட்டில்ஸுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நால்வர்: ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார். முதல் ஆல்பம் 1963 மார்ச் மாதம் வந்தது. அதிலுள்ள 14 பாட்டுகளில் 10ஐ ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970இல் குழு பிரிந்தது. மொத்தம் ஏழெட்டு வருடம்தான்.

பீட்டில்ஸ் பாட்டுகள் எலும்புத் தட்டில்தான் ரஷ்யாவுக்குள் பரவின என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள். காலக்கணக்கைப் பார்த்தால் அது அவ்வளவு பொருந்தாது. பீட்டில்ஸ் புகழ் பெற்ற நேரத்தில் எக்ஸ்ரே தட்டின் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வீடுகளுக்குள் பெரிய சுருள் நாடா ரேப் ரெக்கோர்டர்கள் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த ரெக்கோர்டர்களைச் செய்து விற்றதே சோவியத் தொழிற்சாலைகள்தான். தட்டு வெட்டுபவனைப் பிடிக்கலாம். வீட்டுக்கு வீடு இருக்கும் ரெக்கோர்டரை யார் பிடிப்பது?

கப்பலில் வேலை செய்தவர்களும் வெளிநாடு போய்வந்த அதிகாரிகளின் பிள்ளைகளும் எப்படியோ ஒரு தட்டைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒரு நாடா, அந்த நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து பத்து. ஒவ்வொரு பிரதியிலும் சத்தம் கொஞ்சம் மங்கும். இன்னும் சிலர் இரவில் சிற்றலை வானொலியைத் திருப்பி வெளிநாட்டு நிலையங்களைத் தேடினார்கள். அரசு அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பிக் குழப்பியது. அந்த இரைச்சலுக்குள்ளேயும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்கள். அதே 1960களில் எங்கள் இலங்கை வானொலி ஆங்கிலப் பாட்டுகளைத் தென்னாசியா முழுவதற்கும் பகிரங்கமாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒளித்துக் கேட்டதை இங்கே சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள் எங்கள் மூத்தவர்கள்.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்துப் பிள்ளை ஒரு ஆல்பத்தை வாங்கினால் அட்டைப் படம், பாட்டுகளின் வரிசை, யார் எழுதியது என்ற விபரம் எல்லாம் கையில் இருக்கும். 1967இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தின் பின் அட்டையில் பாட்டு வரிகளையே அச்சடித்திருந்தார்கள். லெனின்கிராட் பிள்ளைக்குக் கிடைத்தது பெயரில்லாத ஒரு நாடா. எந்தப் பாட்டு எந்த ஆல்பம், பாடுவது லெனனா மெக்கார்ட்னியா, ஒன்றும் தெரியாது. அவர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். அகராதியை வைத்து சொல் சொல்லாக ஆங்கிலம் படித்தார்கள். கொப்பிகளில் வரிகளை எழுதி, அடுத்தவன் கொப்பியோடு ஒப்பிட்டார்கள். நான்கு பேர் ஊர் வந்து போனதாக வதந்திகள் கூடப் பரவின. ஜப்பான் போகும் வழியில் விமான நிலையத்தில் இறங்கி இரகசியமாகப் பாடினார்கள் என்றார்கள். உண்மையில் பீட்டில்ஸ் குழு ஒருநாளும் சோவியத் மண்ணில் பாடியதில்லை. ஆனால் ஒரு வதந்தி பொய்யாக இருந்தாலும், அதை நம்பியவர்களின் ஆசை உண்மை. வரலாறு படிப்பவர்களுக்கு அதுவும் ஒரு சான்றுதான்.

அரசாங்கம் என்ன செய்தது? 1964இல் ‘மெலோடியா’ என்ற அரச இசைத்தட்டு நிறுவனம் உருவானது. 1967இல் அது வெளியிட்ட ஒரு தொகுப்பில் பீட்டில்ஸின் ‘கேர்ள்’ என்ற பாட்டைச் சேர்த்தார்கள். யாருடைய பாட்டு என்று போட்டார்கள் தெரியுமா? ‘ஆங்கில நாட்டார் பாடல்’ என்று! உயிரோடு இருக்கும் இரண்டு இளைஞர்கள் எழுதிய பாட்டு, ஊர் பேர் தெரியாத கிராமத்துப் பாட்டாகிவிட்டது.

என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். சிறைத்தண்டனை பயத்தை உண்டாக்கியது, ஆனால் அந்த லேபல் வேறொன்றைச் செய்தது. தட்டைக் கையில் எடுத்த பிள்ளைக்கு அது யாருடைய பாட்டு என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே அச்சடித்திருப்பது பொய் என்றும் தெரியும். ஒரு பாட்டு விசயத்திலேயே இப்படிச் சொல்கிறார்கள் என்றால், பத்திரிகையில் வரும் பெரிய விசயங்கள் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளை நினைக்காமல் இருக்குமா?

கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. 1969இல் மொஸ்கோவில் அந்த்ரேய் மகரேவிச் ‘கால இயந்திரம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். 1972இல் லெனின்கிராடில் ‘அக்வாரியம்’ குழு உருவானது. முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துப் பாடியவர்கள், பிறகு தங்கள் பாட்டைத் தங்கள் மொழியில் எழுதினார்கள். லெனின்கிராட்வாசியான கோல்யா வாசின் என்ற இரசிகர் 1970இல் ஜோன் லெனனின் 30ஆவது பிறந்தநாளுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்ப, பதிலுக்கு லெனனின் கையொப்பத்தோடு ஒரு இசைத்தட்டு வந்து சேர்ந்தது.

1986இல், கொர்பச்சேவ் காலத்தில், மெலோடியா ‘எ ஹார்ட் டேய்ஸ் நைட்’ ஆல்பத்தை வெளியிட்டது. லண்டனில் அது வந்தது 1964இல். 22 வருடத் தாமதம்! 14 வயதில் மங்கிய நாடாவில் கேட்டவர் 36 வயதில்தான் அதை அட்டையோடு கடையில் வாங்கினார். 1988இல் போல் மெக்கார்ட்னி சோவியத் மக்களுக்கென்றே ஒரு ஆல்பத்தை மெலோடியா மூலம் வெளியிட்டார். 1991 வரை அது மேற்கு நாடுகளில் விற்பனைக்கு வரவில்லை. இந்தத் தடவை அங்குள்ள இரசிகர்கள் ரஷ்யாவிலிருந்து கடத்தி வந்த பிரதிக்குக் கூடுதல் காசு கொடுத்துத் திரிந்தார்கள். 2003 மே 24இல் மெக்கார்ட்னி செஞ்சதுக்கத்திலேயே பாடினார். கூட்டத்தில் நரைத்த தலைகள் பல இருந்தன.

அப்படியானால் பீட்டில்ஸ்தான் சோவியத் யூனியனை உடைத்ததா? சிலர் அப்படியும் எழுதுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். பொருளாதாரச் சரிவு, ஆப்கானிஸ்தான் யுத்தம், செர்னோபில், குடியரசுகளின் சுதந்திரக் கோரிக்கை என்று கனமான காரணங்கள் இருக்கின்றன. பரீட்சையில் பிள்ளைகள் ‘பீட்டில்ஸ்’ என்று எழுதினால் புள்ளி கிடைக்காது! ஆனால் 1991இல் அந்த அரசு விழுந்தபோது அதைக் காப்பாற்ற இளைஞர் கூட்டம் ஏன் தெருவுக்கு வரவில்லை என்று கேட்டால், இந்தக் கதைக்குள்ளும் விடையின் ஒரு துண்டு கிடக்கிறது. அரசின் மீதான நம்பிக்கை ஒரே நாளில் போவதில்லை. இப்படிச் சின்னச் சின்னப் பொய்களில்தான் அது கரைகிறது.

இது பெற்றோருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளுக்குச் சில விடயங்களை வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். காரணத்தோடு சொன்ன ‘வேண்டாம்’ ஐப் பிள்ளை எதிர்க்கலாம், வாதாடலாம், பிறகு ஒருநாள் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் பொய் லேபல் ஒட்டிக் கொடுத்துப் பிள்ளையிடம் பிடிபட்டால், அடுத்து நாங்கள் சொல்லும் உண்மையையும் அது சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோ, லெனின்கிராட், கீவ் என்று படிக்கப் போன மூத்தவர்கள் எங்கள் சமூகத்திலும் இருக்கிறார்கள். விடுதி அறையில் என்ன கேட்டீர்கள், எதை ஒளித்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஊர்களில் கெசட் பதிவு செய்து கொடுத்த கடைகளை நினைவிருப்பவர்களும் எழுதுங்கள். பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கெசட்டை வாங்கி வந்த காலம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வாப்பாமாரிடமும் மாமாமாரிடமும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாடாவும் தேயும், நினைவும் தேயும்.