410-ம் நம்பர் நாய்க்கு நாம பட்ட கடன்

நாய்க்கு தினமும் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி போடறாங்கன்னு சொல்லிப் பாருங்க. கேட்கிறவங்க முதல்ல சிரிப்பாங்க. அடுத்து, "நாய்க்கெல்லாமா சர்க்கரை வரும்?"னு ஒரு கேள்வி. அதுக்கும் அடுத்து, கொஞ்சம் கோபமாவே, "மனுஷனுக்கே மருந்து வாங்க வழியில்லை, இதுல நாய்க்கு இன்சுலினா?"ன்னு வரும்.

மூணாவது கேள்வியில நியாயம் இருக்கு. அதை நான் தள்ளிவிடப் போறதில்லை. ஆனா இன்சுலினோட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தா அந்தக் கேள்வி தலைகீழாத் திரும்பி நம்மளையே பார்க்குது. டொராண்டோவுல ஒரு மனுஷனுக்கு அந்த ஊசியைப் போடறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே நாய்க்குப் போட்டாச்சு. அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடி, சர்க்கரை நோய் உடம்புல எங்கே இருந்து வருதுன்னு காட்டிக் கொடுத்ததும் ஒரு நாய்தான். அதனால இந்தப் பதிவு முழுக்க நாய்கள்தான். பொறுத்துக்குங்க :-)

1889-ம் வருஷம். ஸ்ட்ராஸ்பர்க் நகரம், அப்போ அது ஜெர்மனி கையில இருந்தது. அங்கே ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, ஜோசஃப் ஃபான் மேரிங்னு ரெண்டு டாக்டர்கள். அவங்க பேச்சு சர்க்கரை நோயைப் பத்தியே இல்லை. சாப்பிட்ட கொழுப்பு ஜீரணமாக கணையம் கட்டாயம் வேணுமாங்கறதுதான் விவாதம். கணையத்தை எடுத்துட்டுப் பார்த்துட வேண்டியதுதானேன்னார் மின்கோவ்ஸ்கி. அது நடக்காத காரியம்னார் மேரிங். சரி, ஒரு நாய் குடுங்கன்னு கேட்டு வாங்கி, அன்னிக்கே ஆபரேஷன் பண்ணி முழுக் கணையத்தையும் எடுத்துட்டாங்க. நாய் பிழைச்சுக்கிச்சு.

அப்புறம்தான் விஷயமே. வெளியே போய்த்தான் ஒண்ணுக்கு இருக்கணும்னு நல்லாப் பழக்கப்பட்ட நாய் அது. திடீர்னு ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அங்கங்கே நனைக்க ஆரம்பிச்சது. நாயைச் சரியா வெளியே கூட்டிட்டுப் போறதில்லையான்னு மின்கோவ்ஸ்கி வேலைக்காரரைத் திட்டியிருக்கார். நான் கூட்டிட்டுத்தான் போறேன், உள்ளே வந்த உடனே மறுபடி போயிடுதுன்னு அவர் பதில். மின்கோவ்ஸ்கி அந்த சிறுநீரை எடுத்துச் சோதிச்சார். 12 சதவீதம் சர்க்கரை!

(சிறுநீரைச் சுத்தி ஈ மொய்ச்சதைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு கதை பல இடத்துல வரும். அது பின்னாடி ஒட்டிக்கிட்டது. மின்கோவ்ஸ்கி சொன்ன கதையில ஈ கிடையாது. எறும்பும் ஈயும் தேடி வர்ற சிறுநீரை நம்ம ஊர் வைத்தியர்கள் அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே மதுமேகம்னு பேர் வெச்சு எழுதிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதது, அதுக்கும் கணையத்துக்கும் உள்ள சம்பந்தம்.)

இன்னும் சில நாய்கள்ல செஞ்சு பார்த்தாங்க. எல்லாத்துக்கும் சர்க்கரை. அடுத்த சில வருஷத்துல இன்னொண்ணும் தெரிஞ்சது. எடுத்த கணையத்துல ஒரு துண்டை அதே நாயோட தோலுக்கு அடியில வெச்சுத் தெச்சா சர்க்கரை வரலை. அந்தத் துண்டையும் எடுத்துட்டா வந்துடுது. அப்படின்னா கணையம் ரத்தத்துக்குள்ள ஏதோ ஒண்ணை விடுது. அது என்ன? அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆச்சு.

அதுவரைக்கும் சர்க்கரை வந்த குழந்தைகள் கதி என்னன்னா, பட்டினி. நிஜமாவே பட்டினி வைத்தியம். அமெரிக்காவுல ஃபிரெடரிக் ஆலன்ங்கற டாக்டர், சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு எலும்பும் தோலுமா வெச்சு ஆயுசை கொஞ்சம் நீட்டினார். அமெரிக்க வெளியுறவுச் செயலரா இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸோட மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டுல டொராண்டோ வந்தப்போ 15-வது வயசுல எடை வெறும் 20 கிலோ. அப்பா எவ்வளவு பெரிய மனுஷரா இருந்தா என்ன, கடையில இல்லாத மருந்தை யார் வாங்கித் தர முடியும்?

இப்போ கனடாவுக்குப் போவோம். ஃபிரெடரிக் பேன்டிங். முதல் உலகப் போர்ல காயம்பட்டுத் திரும்பின சர்ஜன். லண்டன்னு ஒரு ஊர் (கனடாவுல இருக்கற லண்டன்!), அங்கே கிளினிக் திறந்தார். முதல் மாச வருமானம் நாலு டாலர். சும்மா இருக்கற நேரத்துல காலேஜ்ல பாடம் எடுக்கப் போனார். 1920 அக்டோபர் 31 விடியற்காலை ரெண்டு மணிக்கு, தூக்கம் வராம ஒரு யோசனையைக் குறிச்சு வெச்சார். நாயோட கணையக் குழாயைக் கட்டிவிடணும். ஜீரண நீர் சுரக்கற பகுதி செத்துப் போகும், லாங்கர்ஹான்ஸ் தீவுகள் மட்டும் மிஞ்சும். அதுல இருந்து அந்தப் பொருளை எடுக்கணும். இவ்வளவுதான் குறிப்பு. அதுலயும் டயாபடீஸுக்கு ஸ்பெல்லிங் தப்பு!

டொராண்டோ பல்கலைக்கழகத்துல மெக்கிளவுட்ங்கற பேராசிரியர், பெரிய நம்பிக்கை இல்லாமதான், ஒரு அறையும் பத்து நாயும் உதவிக்கு ஒரு மாணவரையும் குடுத்தார். ரெண்டு மாணவர்கள்ல யார் முதல்ல போறதுன்னு காசு சுண்டிப் பார்த்தாங்க. விழுந்தது சார்லஸ் பெஸ்டுக்கு. 1921 மே 17 அன்னிக்கு வேலை ஆரம்பிச்சது.

இங்கேதான் நமக்கு நெருடணும். ஆரம்பிச்ச ரெண்டே வாரத்துல பத்து நாய்ல ஏழு செத்துப் போச்சு. அறுவை சரியா வரலை, சீழ் பிடிச்சது, கடுமையான கோடை வேற. நாய் தீர்ந்து போனதும் தெருவுல கிடைக்கறதை டாலர் கணக்குல விலைக்கு வாங்க ஆரம்பிச்சாங்க.

1921 ஜூலை 30. 410-ம் நம்பர், ஒரு வெள்ளை டெரியர். கணையம் எடுக்கப்பட்ட நாய். ரத்த சர்க்கரை 200. சாறை ஊசியில ஏத்தினாங்க. ஒரு மணி நேரத்துல 120. சர்க்கரைக்காரங்களுக்கு இந்த ரெண்டு நம்பரோட அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனா அந்த நாய் பிழைக்கலை.

அடுத்து 92-ம் நம்பர். மஞ்சள் நிற கோலி நாய். ஆகஸ்ட் மாசம் சுமார் இருபது நாள் சாறு ஏத்தி வெச்சிருந்தாங்க. பேன்டிங்குக்கு ரொம்பப் பிடிச்ச நாய் அது. கூப்பிட்டா வரும், ரத்தம் எடுக்கறப்போ அசையாம நிக்கும். ஆகஸ்ட் 31 அன்னிக்கு செத்துச்சு. போர்க்களத்துல எத்தனையோ பேர் சாகறதைப் பார்த்த அந்த மனுஷர், நோயாளிகள் செத்தப்போ வராத கண்ணீர் அந்த நாய் செத்தப்போ வந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சு எழுதி வெச்சிருக்கார்.

அப்புறம் 33-ம் நம்பர். இதுக்குப் பேரும் உண்டு, மார்ஜரி. நவம்பர் 18 அன்னிக்கு கணையத்தை எடுத்தாங்க. ஊசியிலேயே எழுபது நாள் ஓடிச்சு.

இதுக்கு நடுவுல 1922 ஜனவரி 11. டொராண்டோ ஜெனரல் ஆஸ்பத்திரியில லெனர்ட் தாம்சன், வயசு 14, எடை சுமார் 30 கிலோ. முதல் ஊசி சரியா வேலை செய்யலை. சாறுல அழுக்கு அதிகம், குத்தின இடத்துல கட்டி வந்துச்சு. ஜேம்ஸ் காலிப்ங்கற வேதியியல்காரர் ராப்பகலா உட்கார்ந்து ஆல்கஹால் வெச்சு சுத்தம் பண்ணிக் குடுத்த சாறை ஜனவரி 23 முதல் போட ஆரம்பிச்சாங்க. பையன் எழுந்து உட்கார்ந்தான். மார்ஜரியைக் கொன்னது அதுக்கு நாலு நாள் கழிச்சு, ஜனவரி 27 அன்னிக்கு. வேலை முடிஞ்சது.

லெனர்ட் இன்னும் 13 வருஷம் இருந்தான். எலிசபெத் ஹியூஸ் 1981 வரைக்கும் வாழ்ந்தாங்க.

இந்தக் கதையில எனக்கு ஜீரணமாகாத ஒரு இடம் உண்டு. பேன்டிங்கோட ராத்திரி யோசனை, அதான் அந்தக் குழாயைக் கட்டற வேலை, தேவையே இல்லாத ஒண்ணு. 1921 டிசம்பர்ல அவங்களே கண்டுபிடிச்சாங்க: கசாப்புக் கூடத்துல கிடைக்கற மாட்டுக் கணையத்தை அப்படியே ஆல்கஹால்ல போட்டு எடுத்தாலே மருந்து கிடைக்குது. அப்படின்னா அந்தக் கோடையில குழாய் கட்டப்பட்டு வாரக்கணக்கா காத்திருந்து செத்த நாய்கள்? மருந்தைச் சோதிக்க நாய் தேவைப்பட்டுச்சு, சரி. மருந்தை எடுக்க அவ்வளவு நாய் தேவைப்படலை. ருமேனியாவுல நிக்கோலாய் பவுலெஸ்குவும் அதே 1921-ல கணையச் சாறை நாய்கள்ல சோதிச்சு, சர்க்கரை இறங்கறதை எழுதி வெளியிட்டுட்டார். எந்த ஊர்க் கதையா இருந்தாலும் மேஜை மேல படுத்திருந்தது நாய்தான்.

1923-ல பேன்டிங்குக்கும் மெக்கிளவுட்டுக்கும் நோபல். பேன்டிங் தன் பங்குல பாதியை பெஸ்டுக்கும், மெக்கிளவுட் தன் பங்குல பாதியை காலிப்புக்கும் குடுத்தாங்க. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர்னு பல்கலைக்கழகத்துக்கே வித்துட்டாங்க. மனுஷங்க கணக்கு ஓரளவு நேர் பண்ணியாச்சு. நாய்க் கணக்கு?

அது ரொம்ப மெதுவாத்தான் நகர்ந்துச்சு. 1955-ல ஃபிரெடரிக் சாங்கர் மாட்டு இன்சுலினோட அமினோ அமில வரிசை முழுசையும் படிச்சு முடிச்சார். அப்புறம் ஒவ்வொரு பிராணியோட இன்சுலினையும் ஒப்பிட்டுப் பார்த்ததுல ஒரு வேடிக்கை வெளியே வந்துச்சு. பன்றி இன்சுலினும் நாய் இன்சுலினும் அச்சு அசல் ஒண்ணு. மனுஷ இன்சுலின்ல ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். நமக்கும் நாய்க்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம்! 1982-க்கு அப்புறம் பாக்டீரியாவுல தயாரிச்ச மனுஷ இன்சுலின் வந்துச்சு. மனுஷங்க பன்றியை விட்டு நகர்ந்தாங்க. நாய்க்கு பன்றி இன்சுலினே பொருத்தமா அமைஞ்சது. அமெரிக்காவுல நாய்க்குன்னே ஒரு இன்சுலினுக்கு முதல் முறையா அரசு ஒப்புதல் கிடைச்சது 2004-ல. அதுவும் பன்றி இன்சுலின்தான். 410-ம் நம்பர்ல இருந்து எண்ணிப் பாருங்க, 83 வருஷம்.

சரி, இன்னிக்கு நாய்க்கு ஊசி எப்படிப் போடறாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல லாப்ரடார். பாட்டிதான் இன்சார்ஜ். அவங்களுக்கும் சர்க்கரை, அதனால கை பழகிப் போச்சு. முதல்ல சாப்பாடு. சாப்பிட்டாச்சான்னு பார்த்துட்டு, விலாப் பக்கம் தோலை லேசாக் கிள்ளித் தூக்கி, கூடாரம் மாதிரி நிக்கற இடத்துல சின்ன ஊசி. அது திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. பன்னெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி. நாய்க்கு வர்றது பெரும்பாலும் இன்சுலின் இல்லாமப் போற வகை, மாத்திரைக்கு மசியாது. ஊசிதான்.

அந்த வீட்டுல கத்துக்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஒண்ணு, சிரிஞ்ச். நம்ம ஊர்ல 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட் பாட்டிலும் உண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரை இழுத்தா உள்ளே போறது 25 யூனிட். ஒரு நாயைக் கொல்ல அந்தக் குழப்பம் போதும். ரெண்டு, சாப்பிடாத நாய்க்கு வழக்கமான டோஸைப் போடாம டாக்டருக்கு போன் பண்ணணும். ஊசி போட்ட அப்புறம் தள்ளாடினாலோ இழுப்பு வந்தாலோ ஈறுல தேனோ குளுக்கோஸோ தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். ஊசி பாதி வெளியே சிந்திட்டா, சந்தேகத்துல இன்னொரு தடவை போடக் கூடாது. ஒரு வேளை சர்க்கரை ஏறினா சமாளிக்கலாம், அளவுக்கு மேல இறங்கினா ஆபத்து.

இப்போ அந்த மூணாவது கேள்விக்கு வர்றேன். மனுஷனுக்கே கிடைக்காதப்போ நாய்க்கு எதுக்கு? மனுஷனுக்குக் கிடைக்கலைன்னா அது விலையும் விநியோகமும் சம்பந்தப்பட்ட அநியாயம். அதுக்காகச் சத்தம் போடுங்க, நானும் சேர்ந்துக்கறேன். ஆனா ஒரு கிழட்டு நாய் ராத்திரி எட்டு மணிக்கு வாங்கிக்கற ஊசியை ஆடம்பரம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்த ஊசிக்கு அதோட இனம் ஏற்கனவே விலை குடுத்தாச்சு. டொராண்டோவுல நடந்தது சரியா தப்பான்னு கேட்டா, லெனர்டோட அம்மா இடத்துல நின்னு தப்புன்னு சொல்ல முடியலை. 92-ம் நம்பர் பக்கத்துல நின்னு சரின்னும் சொல்ல முடியலை. ரெண்டு பக்கமும் நின்னு பார்த்துட்டு இதைப் பத்திப் பேசறதுதான் குறைஞ்சபட்ச மரியாதைன்னு நினைக்கறேன்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டு நாய் திடீர்னு குடம் குடமா தண்ணி குடிச்சு, நல்லாச் சாப்பிட்டும் இளைச்சு, பழக்கத்தை மறந்து வீட்டுக்குள்ளேயே நனைச்சுதுன்னா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. 1889-ல ஸ்ட்ராஸ்பர்க்ல திட்டு வாங்கின வேலைக்காரர் மேலயும் தப்பில்லை, நாய் மேலயும் தப்பில்லை.