வெள்ளாவி முதல் டயப்பர் வரை: பிள்ளைத்துணியின் கதை

நம் கூட்டமைப்பு மலருக்கு "ஏதாவது வரலாறு எழுதுங்கக்கா" என்று கணக்காளர் தங்கச்சி கேட்டபோது, ராஜா ராணி கதையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா என்றேன். எனக்குத் தெரிந்தது துணியின் வரலாறு. அதிலும் பிறந்த குழந்தைக்குக் கட்டுகிற ஒண்ணுக்குத்துணியின் வரலாறு. "துணி கட்டறதா, டயப்பர் போடறதா?" என்று நம் கூட்டங்களில் இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல இந்தப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா துவைத்த துணி

நான் சலவைத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவள். ஊரில் ஒரு வீட்டில் பிரசவம் என்றால் மருத்துவச்சிக்கு அடுத்தபடி சேதி வருவது எங்கள் அம்மாவுக்குத்தான். பிரசவத் துணி, பிள்ளைத்துணி எல்லாவற்றையும் 'தீட்டுத்துணி' என்று கொல்லைப்புறத்தில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அம்மா அதை மூட்டை கட்டி ஆற்றுக்கு எடுத்துப்போவார். உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்து, ராத்திரி வெள்ளாவி வைத்து, விடிந்ததும் கல்லில் அடித்து அலசி, நல்ல வெயிலில் காயப்போடுவார். கிருமி என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் கிருமியைக் கொல்லும் ஆவியும் வெயிலும் அவர் கையில் இருந்தன.

கூலி என்ன? சாயங்காலம் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறு, அறுவடை முடிந்து களத்தில் அளக்கும் தானியம். அம்மா வெளுத்துக் கொடுத்த துணி பிள்ளை உடம்பில் படலாம். அம்மா கை அந்தப் பிள்ளை மேல் படக்கூடாது. இதையும் வரலாற்றில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் பிள்ளைத்துணி என்று தனியாக யாரும் வாங்கியதில்லை. பழைய வேட்டியும் நைந்த நூல்சேலையும்தான். பல வருசம் துவைத்துக் கட்டிய சேலை பஞ்சுமாதிரி ஆகிவிடும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். பகலில் பாதி நேரம் பிள்ளை சும்மாவே கிடக்கும். தூளியில் போட்டால் ஈரம் கீழே சொட்டும். அடியில் சாம்பலோ மணலோ போட்டு அள்ளிவிடுவார்கள்.

கடல் தாண்டி

குளிர் நாடுகளில் அப்படி விடமுடியாது. சதுரத் துணியை முக்கோணமாக மடித்து இறுக்கிக் கட்டினார்கள். 1849இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் சேப்டி பின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் பிள்ளைத்துணிக்கும் அந்த ஊக்குதான் கைகொடுத்தது. துணி நனைந்தால் படுக்கையும் நனைகிறதே என்று சலித்துப்போன மரியன் டோனவன் என்ற அமெரிக்கத் தாய், 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, துணிக்கு மேல் போடும் நீர்புகா உறை ஒன்றைத் தையல் மிஷினில் தைத்தார். கம்பெனிக்காரர்கள் யாரும் அதைத் தயாரிக்க முன்வரவில்லை. அவரே தயாரித்து 1949இல் நியூயார்க் கடையில் விற்பனைக்கு வைத்தார். 1951இல் காப்புரிமையும் கிடைத்தது. கையில் ஒரு தையல் மிஷின் இருந்தால் போதும் என்பதற்கு நம் குழுக்களில் அடிக்கடி சொல்ல வேண்டிய கதை இது.

1961இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கட்டிவிட்டு எறியும் 'பேம்பர்ஸ்' டயப்பரைக் கொண்டுவந்தது. 1980களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூளை டயப்பருக்குள் வைத்தார்கள். அது சிறுநீரைக் குடித்து ஜெல்லாகிவிடும். டயப்பர் மெலிந்தது, பல மணிநேரம் தாங்கியது.

நம் ஊரில் ஊர்ச்சோறு வாங்குவது எங்கள் தலைமுறையோடு நின்றது. நிற்கத்தான் வேண்டும். அதன் பிறகு பிள்ளைத்துணி துவைப்பது வீட்டு மருமகள் தலையில் விழுந்தது. அவளும் மில்லுக்கு ஷிப்டு போக ஆரம்பித்தாள், டயப்பர் வீட்டுக்குள் வந்தது. டயப்பர் போடும் தாயைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எட்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து ஒரு வாளித் துணியை அலசிப் பார்த்தால் தெரியும்.

ஆனால் கழற்றிய டயப்பர் எங்கே போகிறது? நம் கூட்டமைப்பில் தூய்மைக் காவலராக இருக்கும் தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: "அக்கா, குப்பைப் பையைப் பிரிச்சா மொதல்ல கையில படறது அதுதான்." திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியாகச் சுற்றித்தான் தரவேண்டும் என்கின்றன. எத்தனை வீட்டில் தருகிறோம்? அன்று எங்கள் அம்மா கை, இன்று இந்தத் தங்கச்சி கை. பிள்ளைத்துணியைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் கேட்கவேண்டியது இதைத்தான்: இதைச் சுத்தம் செய்யப்போவது யார்?

தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் கணக்கு. ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். அதே துணி என்றால் பிறந்த குழந்தைக்கு இரண்டு, இரண்டரை டஜன் போதும். மழைக்காலம் என்றால் கூட ஆறு. அடுத்த பிள்ளைக்கும் அதுவே ஆகும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். நம் பக்கம் விசைத்தறியில் வரும் காடாத்துணி மலிவு. ஆனால் அதில் கஞ்சி ஏறியிருக்கும், புதிதாக இருக்கும்போது ஈரத்தை உறிஞ்சாது. கொதிநீரில் ஊறவைத்து நாலைந்து தடவை துவைத்த பிறகு கட்டுங்கள். இரண்டடிச் சதுரம் வெட்டி, ஓரம் அடித்து, ஊக்குக்குப் பதில் நாடா வைத்துத் தைத்தால் குத்தும் பயமில்லை. பயணத்துக்கும் ராத்திரிக்கும் மேலே நீர்புகா உறை போடலாம். ஆனால் நனைந்ததும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் சிவந்துவிடும்.

துணியில் இன்னொரு நன்மையும் உண்டு. "பிள்ளை நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?" என்று கிராம செவிலியர் கேட்பார். முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு தடவையாவது போனால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம். துணி கட்டுகிற தாய்க்கு அந்தக் கணக்கு கையிலேயே இருக்கும்.

மலத்தை ஓடையிலோ சாக்கடையிலோ அலசாமல் கழிவறையில் கொட்டுங்கள். வாசனைத் திரவத்தில் முக்கி எடுக்காதீர்கள், துணி உறிஞ்சுவது குறைந்துவிடும். வெயிலில் காயப்போடுங்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வும், துணி நல்லதா இல்லையா என்பது துவைக்கும் முறையைப் பொறுத்தது என்றுதான் சொல்கிறது. மிஷின் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால்தான் பூமிக்கு முழு லாபம். மின்சார உலர்த்தி போட்டால் அந்த லாபம் போய்விடும். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

கடைசியாக ஒன்று. துணிதான் நல்லது என்று முடிவெடுத்துவிட்டு, அந்த வாளியைத் தாய் தலையில் மட்டும் வைத்தால் அது முடிவே அல்ல. அப்பாவும் துவைக்கட்டும். அது அவர் பிள்ளையின் துணி. டயப்பர் வேண்டிய நாளில் போடுங்கள். காகிதத்தில் சுற்றி, தனியாகக் கொடுங்கள்.

இனி நம் உறுப்பினர் வீட்டு வளைகாப்புக்கு எவர்சில்வர் பாத்திரம் எதற்கு? நம் தையல் குழு தைத்த இரண்டு டஜன் பிள்ளைத்துணியைக் கொடுக்கலாம். அதை மாப்பிள்ளை கையில் கொடுப்போம்.