மலைக்காய்ச்சலும் ஈரலும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களும், தெற்கே இடுக்கி மலைமேல் குமுளி, பூப்பாறை, தேவிகுளம் முதலிய ஊர்களும், கொச்சி என்றும் திருவிதாங்கூர் என்றும் 1956-க்குப் பின் கேரளம் என்றும் ராஜ்யங்கள் மாறிவந்த போதிலும், தமிழ்ப் பேச்சு மாறாத எல்லைப் பிரதேசங்களாம். இவற்றின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அணையையும் தேயிலையையும் எல்லைப் போராட்டத்தையும் விஸ்தாரமாக எழுதினர். கங்காணியின் பின்னே மலையேறிய ஏழை ஜனங்களின் ஆயுளை நிர்ணயித்த காய்ச்சலைப் பற்றி எழுதினோர் அருமை.

1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை எழும்பிய காலத்தில் காலராவும் மலேரியாவும் அணையைச் சூழ்ந்த காட்டில் கொண்டுபோன உயிர்கள் பல. கண்ணன் தேவன் மலைகளிலோ, தேயிலை நிலைபெறுமுன் காப்பியோடு சிங்கோனாவும் பயிரிடப்பட்டது. கொயினாவுக்குரிய அம்மரத்தின் கன்றைத் தன் கையால் நட்ட கூலியாள், இரவில் கம்பளிக்குள் குளிரால் நடுங்கிக் கிடந்திருப்பான் என்று எண்ணுவது மிகையாகாது.

அக்காய்ச்சல் ஜனங்களுக்குச் சில பாடங்களைக் கற்பித்துச் சென்றது. முறைக்காய்ச்சலாகையால், விட்ட நாளில் வேலைக்குப் போகலாம் என்பது ஒன்று. விலாவின் கீழ்க் கையை வைத்து, வீங்கிய மண்ணீரலாகிய காய்ச்சற்கட்டியைத் தடவிப் பார்ப்பது மற்றொன்று. மஞ்சள் காமாலையோ கண்ணில் தெரிந்தது: வெளிச்சத்தில் நிறுத்திக் கீழிமையை இழுத்துப் பார்ப்பார்கள், வெள்ளை விழி மஞ்சளித்திருந்தால், கீழாநெல்லியைச் சமூலமாக அம்மியில் அரைத்து, நெல்லிக்காயளவு எடுத்து மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைப்பார்கள். காமாலைகளுட் பல தாமே தணிவன; அவை தணிந்த புகழும் பச்சிலைக்கே போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் வந்தது டெங்கு. 1950-களிலேயே வேலூரில் இதன் வைரஸ் கண்டறியப்பட்டிருப்பினும், கேரளத்தில் 1997-இல் கோட்டயத்தில்தான் முதலில் உறுதிசெய்யப்பட்டது. 2003-இல் மாநிலமெங்கும் பெருகியது. மலேரியாக் கொசு மலையடிவாரத்து ஓடைகளில் வளர்ந்தது. டெங்குக் கொசுவோ, இடுக்கியின் தாழ்ந்த சரிவுகளில் ரப்பர்ப் பால் வடியும் சிரட்டையிலும், மழைமறைவான சித்தூர்ப் பக்கத்தில் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி நிரப்பி வைத்த தொட்டியிலும், அதாவது மனிதர் கைவைத்த இடத்திலேயே, முட்டையிட்டது.

பழைய பாடங்கள் இங்கே பிழைபடுகின்றன. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அபாயம் தொடங்கும் நாளாகலாம். 'விட்டுவிட்டது' என்று தோட்டத்துக்குப் புறப்படுகிறவன் அதை அறியான். ஈரலோ வைரஸாலும், உடலின் எதிர்ப்பு வேகத்தாலும், அதிர்ச்சி நேர்ந்தால் இரத்தவோட்டம் குன்றுவதாலும் நோகின்றது. ஆயினும் கண் மஞ்சளிப்பது அபூர்வமாகையால், இமையை இழுத்துப் பார்க்கும் பாட்டிக்கு ஒன்றும் புலப்படாது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் ஈரல் நொதிகள் இரண்டும் ஏறியிருக்கும். டெங்குவில் முன்னது பின்னதைவிட அதிகமாக ஏறுவதே பெரும்பான்மை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அவை தாமே இறங்கிவிடும். சிலருக்கே ஈரல் செயலிழந்து உயிருக்கு மோசமாகும். கடும் வாந்தி, வலப்புற மேல்வயிற்று வலி, சித்தமயக்கம் ஆகியவை அவர்களிடம் காணும் அறிகுறிகள். இதனிடையே, சூடு தணியவில்லையே என்ற பதைப்பில் பெட்டிக்கடைப் பாரஸிட்டமால் மாத்திரையை வேளைக்கு இரண்டு மூன்றாக விழுங்குவோருக்கு, நோயால் நொந்த அதே ஈரலின்மேல் மருந்தின் பாரமும் ஏறிவிடுகிறது.