ஆற்றில் இறங்கிய தகர விமானம்

கொட்டகைக்குத் தகரம் போடுறோம். தட்டைத் தகடு சுலபமா வளைஞ்சுடும். அதையே நெளிநெளியா மடிச்சா பாரம் தாங்கும். இந்தச் சூட்சுமத்தை வைத்துத்தான் ஜெர்மனியில் ஹியூகோ யுங்கர்ஸ் என்பவர் எஃப்-13 என்ற விமானத்தைச் செய்தார். முதலில் பறந்தது 1919 ஜூன் 25-ல்.

அன்றைய விமானங்கள் பெரும்பாலும் மரச்சட்டமும் துணியும்தான். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் கம்பிக்கட்டு. இதுக்கோ ஒரே அடுக்கு இறக்கை, கம்பி கிடையாது. உடம்பு முழுக்க நெளிவு நெளிவான அலுமினியக் கலவைத் தகடு. மூடிய அறையில் நாலு பயணிகள் உட்காரலாம்.

மரமும் துணியும் மழையிலும் புழுக்கத்திலும் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? தென் அமெரிக்காவின் கொலம்பியாவில், மக்தலேனா ஆற்றங்கரை அப்படிப்பட்ட பூமி. உள்நாட்டுக்குப் போக ஆறுதான் முக்கிய வழி. நீராவிப் படகில் நாள்கணக்கில் ஆகும். தண்ணீர் வற்றினால் படகு மணலில் தட்டி நின்றுவிடும். ஸ்காட்டா என்ற கம்பெனி 1920-ல் எஃப்-13 விமானங்களை வாங்கி, சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டியது. ஆறே ஓடுதளமாச்சு! பாரன்கியா துறைமுகத்திலிருந்து ஹிரார்தோட் வரை தபாலும் ஆட்களும் பறந்தார்கள். நாள்கணக்கு மணிக்கணக்காச்சு.

இழப்பும் இருந்தது. 1924 ஜூன் 8-ல் பாரன்கியாவில் ஒரு எஃப்-13 விழுந்தது. கம்பெனித் தலைவர் எர்னஸ்டோ கோர்திசோஸும் அதில் மாண்டார். ஆனாலும் சேவை நிற்கலை. அந்தக் கம்பெனியின் வழிவந்ததுதான் இன்றைய அவியாங்கா. அந்த ஊர் விமான நிலையத்துக்குக் கோர்திசோஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எஃப்-13 மொத்தம் 300-க்கு மேல் செய்தார்கள். மண்ணுக்கு ஏத்த விதை மாதிரி, ஊருக்கு ஏத்த வாகனம் அமைஞ்சா அது நின்னு உழைக்கும்.