செட்டியார் நிலமும் எண்ணூர் பர்மா நகரும்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பாதிக்கப்பட்ட இடங்களின் வரிசையில் பர்மா நகர் என்ற பெயரும் செய்திகளில் வந்தது. அதைப் படித்த நண்பர்கள் சிலர் என்னிடம், "பர்மா நகர்னா யாருப்பா? செட்டியாருங்களா?" என்று கேட்டார்கள். இல்லை. ஆனால் கேள்வி நியாயமானதுதான். பர்மா என்றாலே நமக்கு ஞாபகம் வருவது தேக்குத் தூண், காரைக்குடி வீடு, ரங்கூன் பணம். துரத்தப்பட்டவர்கள் எல்லாரும் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பர்மாக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கேதான் சிக்கல்.

நிலத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காட்டை வெட்டி வயலாக்க பர்மிய விவசாயிக்கு முதல் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனை வாசலிலேயே நிறுத்தின. அந்த இடத்துக்குள் நுழைந்தது நகரத்தார் லேவாதேவி. 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் போட்ட முதலை அப்போதைய வங்கி விசாரணைக் குழு ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

வட்டிக்கு விட்டவருக்கு நிலம் தேவைப்படவில்லை. பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் தொழில். 1930இல் உலக மந்தத்தோடு நெல் விலை பாதாளத்துக்குப் போனது. அடமானம் வைத்தவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளின் பேருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்தது சுமார் 5.7 லட்சம் ஏக்கர், அதாவது 6 சதவீதம். 1938இல் அது ஏறத்தாழ 24.6 லட்சம் ஏக்கர், 25 சதவீதம். எட்டே வருஷம்! கால் பங்கு நிலம் அந்த மண்ணில் உழாதவர் கையில். பர்மிய விவசாயிக்கு வந்த கோபத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்க என்னால் முடியாது. நம் தஞ்சாவூரில் இது நடந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?

ஆனால் அந்தக் கோபம் முதலில் யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஆங்கிலேயக் கம்பெனிகள், வேலைநிறுத்தத்தை உடைக்க பர்மியக் கூலிகளைக் கொண்டுவந்தன. பிறகு பேரம் படிந்தது. பழைய ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், பர்மியர்களை வெளியே போகச் சொன்னார்கள். அன்று தொடங்கிய கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கீறல் இல்லை. இராயபுரம் பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை, கேட்டதும் புரிந்துகொள்வார்கள்.

1938இல் இன்னொரு கலவரம். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் அஸ்ஸாம், மணிப்பூர் பக்கம் நடந்தே கிளம்பினார்கள். பல ஆயிரம் பேர் வழியிலேயே போனார்கள். செட்டியார் குடும்பங்களில் பெரும்பாலானவை யுத்தத்துக்கு முன்னும் பின்னுமாக ஊர் திரும்பிவிட்டன. அங்கே விட்டுவந்தது பத்திரமும் பட்டாவும்தான்.

1948 ஜனவரி 4 பர்மா விடுதலை. அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் வந்தது; உள்நாட்டுக் கலகத்தால் சரியாக அமலாகவில்லை, 1953இல் புதிய சட்டம் போட்டார்கள். சட்டத்தின் வாசகத்தில் இனம் இல்லை. உழாதவனிடம் நிலம் இருக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. என் கருத்தில் அது நியாயமான சட்டம், இழப்பீட்டில் ஏமாற்றினார்கள் என்பது உண்மையாக இருந்தாலும். ஆக, நிலத் தகராறு 1950களிலேயே முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நிலம் போய்விட்டது, நிலக்காரரும் போய்விட்டார்.

மிச்சம் இருந்தவர் யார்? மில் தொழிலாளி, துறைமுகக் கூலி, குத்தகை விவசாயி, சந்தையில் மளிகைக் கடை போட்டவர், சலவைக்காரர், ரங்கூனிலேயே பிறந்து பர்மிய மொழியைத் தமிழ் மாதிரியே பேசிய பிள்ளைகள். பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை; நாம இங்கதானே இருக்கோம், காகிதம் எதுக்கு என்ற நினைப்பு. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள், அடுத்த மாதமே நாடு முழுக்க உள்ள கடைகள் அரசுடைமை. மே 17 அன்று 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேமிப்பு ஒரே நாளில் காகிதம். 'கலா' என்ற வசைச்சொல், 25 சதவீத நிலம் வைத்திருந்தவரையும் தள்ளுவண்டிக்காரரையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

இதற்கு உகாண்டாவைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், 1972இல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்ததை. எனக்கு ஜிம்பாப்வேதான் நெருக்கமாகத் தெரிகிறது. அங்கும் நிலக் குறை உண்மையானது. காலனி ஆட்சியில் நல்ல நிலம் வெள்ளையர் கையில் குவிந்திருந்தது. 2000இல் முகாபே அரசு பண்ணைகளைக் கைப்பற்றியபோது உலகப் பத்திரிகைகளில் வந்த முகம் வெள்ளைப் பண்ணையாருடையது. அந்தப் பண்ணைகளில் வேலை செய்த லட்சக்கணக்கான கறுப்புத் தொழிலாளிகளில் ஏராளமானோர், மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். பங்கிட்ட நிலத்தில் அவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. 2001இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அவர்களில் பலரை அந்நியர் என்று ஆக்கினார்கள். வெளியூர்க்காரனின் நிலத்தில் கூலி வேலை பார்த்தவனும் வெளியூர்க்காரன் ஆகிவிடுகிறான்.

1963 ஜூன் முதல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அங்கேயே பிறந்தவர் எப்படித் திரும்புவார் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே வந்ததும் ஊரார் 'பர்மாக்காரங்க' என்றார்கள். அங்கே கலா, இங்கே பர்மாக்காரன். கப்பல் வந்து நின்றது சென்னைத் துறைமுகம். குடியேற்றங்கள் பலவும் அதற்கு வடக்கே, வியாசர்பாடி சத்தியமூர்த்தி நகர், எண்ணூர் என்று. அதே ஆண்டுகளில்தான் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரில் அனல் மின் நிலையமும் எழுந்துகொண்டிருந்தன. வேலை கிடைக்கும், வீட்டுமனைக்குப் போட்டி இருக்காது.

துறைமுகச் சுவருக்கு எதிரே பர்மா பஜார் முளைத்தது. கொஞ்சம் உள்ளே போனால் அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் தள்ளுவண்டிகள். 1969இல் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. வட்டிக்காரர்கள் என்று சொல்லித் துரத்தப்பட்டவர்களுக்குக் கடன் கொடுக்க ஒரு தனி வங்கி வேண்டியிருந்தது!

சிலருக்கு இங்கே ஒட்டவே இல்லை. 1960களிலேயே மணிப்பூர் வழியாக நடந்து பர்மாவுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் பர்மிய ராணுவம் உள்ளே விடவில்லை. சென்னைக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மோரே என்ற ஊரிலேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோவிலும் இருக்கின்றன.