கோர்ட்டெஸ்: மெக்ஸிகோவிலிருந்து அல்ஜஸாயிர் வரை

ஹிஜ்ரி 897, கி.பி. 1492 ஜனவரியில் கர்னாத்தாவின் கடைசிச் சுல்தான் அபூ அப்தில்லாஹ் தம் நகரைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்தார். அந்நாளில் ஸ்பெயினின் எஸ்திரமதுராப் பகுதியில், மெதெயின் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவனாக இருந்தவன் ஹெர்னான் கோர்ட்டெஸ். அவ்வூரை ஒட்டி ஓடும் ஆறு குவாதியானா. அப்பெயரின் முற்பகுதி ‘வாதீ’ என்னும் அரபுச் சொல்லேயன்றி வேறன்று. ஆற்றின் பெயரில் அரபு எஞ்சியிருந்தது. மக்களின் உள்ளத்திலோ முஸ்லிம்கள் மீது பகைமையே வளர்க்கப்பட்டது.

1504-இல் கடல் கடந்த கோர்ட்டெஸ், பின்னர் கியூபாத் தீவில் ஆளுநர் வெலாஸ்கெஸின் தயவால் நிலமும் பதவியும் பெற்றான். 1519-இல் அதே ஆளுநரின் தடையை மீறி 11 கப்பல்கள், ஏறக்குறைய 500 வீரர்கள், 16 குதிரைகளுடன் மெக்ஸிகோவுக்குப் புறப்பட்டான்.

அங்கிருந்து பேரரசன் ஐந்தாம் சார்லஸுக்கு அவன் எழுதிய கடிதங்கள் நாம் ஊன்றிப் படிக்கத்தக்கவை. சோலூலா நகரில் 400-க்கும் மேற்பட்ட கோபுரங்களை எண்ணியதாகவும், அவை யாவும் ‘மெஸ்கீத்தா’ என்றும் எழுதுகிறான். ‘மஸ்ஜித்’ என்னும் நம் சொல்லின் ஸ்பானியத் திரிபே அது! அங்கிருந்தவையோ சிலைகள் நிறைந்த, நரபலி நடந்த கோயில்கள். பள்ளிவாசலுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு? கர்னாத்தாப் போரின் கண்ணாடியை அணிந்தே அவன் புதிய உலகைக் கண்டான் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மன்னன் மொக்தெசுமா அவனை விருந்தினனாக வரவேற்றுக் கைதியானான். 1520 ஜூன் இறுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரைத் தலைநகர் தெனோச்தித்லானிலிருந்து விரட்டினர். ஆயினும் 1521 ஆகஸ்ட் 13-இல் அந்நகர் வீழ்ந்தது. ஐந்நூறு பேரின் வீரத்தால் ஒரு பேரரசு சாய்ந்ததென்று எழுதுவோர் உளர். நான் ஒப்பவில்லை. அரசனுக்குக் கப்பம் கட்டிச் சலித்தவர்களும், அவனுக்குப் பணியாத திலாஸ்கலா மக்களும் பல்லாயிரவராய்த் திரண்டு உடன் போரிட்டனர். ஸ்பானியரோடு வந்த பெரியம்மை எஞ்சியதைச் செய்தது.

1522-இல் ஆளுநர் பதவி கிட்டியது; நான்காண்டுகளில் விசாரணை அதிகாரி வந்துவிட்டான். ஒரு படைத்தலைவன் தொலைதேசத்தில் தனியரசனாவதைப் பேரரசன் விரும்பவில்லை. 1529-இல் பட்டமும் நிலமும் தந்தான். ஆட்சியைத் திருப்பித் தரவில்லை. முறையிடவே கோர்ட்டெஸ் 1540-இல் ஸ்பெயின் திரும்பினான்.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 948-இல், சார்லஸ் பெருங்கடற்படையோடு அல்ஜஸாயிர் நகரைத் தாக்கச் சென்றான். அந்தலூஸிலிருந்து துரத்தப்பட்டோர் பலர் அடைக்கலம் புகுந்த ஊர் அது. கோர்ட்டெஸும் உடன் சென்றான். மெக்ஸிகோக் கோயில்களை மஸ்ஜித் என்றெழுதியவன் இப்போது மெய்யான மஸ்ஜித்கள் நிறைந்த நகரின் முன் நின்றான். நகரைக் காத்த ஹஸன் ஆகா சரணடைய மறுத்தார். அக்டோபர் 24 இரவு, அல்லாஹ்வின் நாட்டம், பெரும்புயல் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிதறின. கோர்ட்டெஸ் உயிர் தப்பினான். துணியில் முடிந்து உடலோடு கட்டியிருந்த விலைமதிப்பற்ற மரகதங்கள் சேற்றில் போயின. பின்வாங்குவதா என்று ஆராய்ந்த போர்க்குழுவுக்கு அவனை யாரும் அழைக்கவில்லை. எஞ்சிய படையைத் தந்தால் நகரைப் பிடித்துக் காட்டுவேன் என்று அவன் சொன்னதைக் கேட்டுச் சிலர் நகைத்தனர் என்கிறார், அவன் வரலாற்றை எழுதிய கோமாரா.

வழக்குகளோடும் விண்ணப்பங்களோடும் ஆறாண்டுகள் கழிந்தன. 1547 டிசம்பர் 2-ஆம் நாள், நம் முன்னோர் இஷ்பீலியா என்றழைத்த செவில் நகருக்கு அருகே அவன் இறந்தான். எலும்புகள் பின்னர் மெக்ஸிகோ சென்றன. அந்நாடு விடுதலை பெற்றபின், மக்களின் சினத்துக்கு அஞ்சி 1823-இல் அவற்றை மறைத்துவைத்தனர். அவை 1946-இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன.